பூச்சி பிடிக்கும் செடிக்கு எந்தக் கலவை?

கேள்வி: வீனஸ் ஃப்ளைட்ராப் வாங்கிப் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். செம்மண், மண்புழு உரம் பாதிக்குப் பாதி. மூன்றே வாரத்தில் இலைகள் ஒவ்வொன்றாகக் கறுத்துவிட்டன, நடுக்குருத்து மட்டும் பச்சையாக இருக்கிறது. கோகோபீட்டுக்கு (தேங்காய் நார்த்தூள்) மாற்றலாமா? நெப்பந்தஸும் (குடுவைச் செடி) வாங்கப்போகிறேன், அதற்கும் இதே கலவை போதுமா?

பதில்: குருத்து பச்சையாக இருக்கிறதல்லவா, அப்படியானால் பிழைக்க வாய்ப்பு உண்டு. இன்றைக்கே வெளியே எடுத்து, வேரில் ஒட்டிய மண்ணை மழைநீரில் மெதுவாக அலசுங்கள். வேர் கறுப்பாக இருக்கிறதே என்று பதற வேண்டாம், இந்தச் செடிக்கு வேரின் நிறமே அதுதான். தொட்டால் கூழாகக் குழைந்தால் மட்டுமே அழுகல்.

பாசத்தில் அதிகமாக ஊட்டிவிட்டீர்கள். அமெரிக்காவின் வட, தென் கரோலினா ஈரநிலங்களில், சத்தே இல்லாத, அமிலத்தன்மையுள்ள மண்ணில் வளர்ந்து பழகிய செடி இது. நைட்ரஜன் போதாமல்தான் பூச்சி பிடிக்கிறது. அந்த வேரில் உரம் பட்டால் கருகிவிடும். ஈரமும் காற்றும் கொடுக்கிற கலவை இருந்தால் போதும்.

உரம் சேர்க்காத பீட் மாஸ் (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) ஒரு பங்கு, பெர்லைட் (சூட்டில் பொரிந்த, இலேசான வெள்ளை எரிமலைக் கல் மணிகள்) ஒரு பங்கு, இதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. பையில் 'ஊட்டச்சத்து சேர்த்தது' என்று ஒரு வரி இருந்தாலும் வாங்காதீர்கள். காய்ந்த பீட் தண்ணீரை உறிஞ்சாமல் மிதக்கும், அதனால் வெதுவெதுப்பான நீர் விட்டுப் பிசைந்து, ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் சொட்டுச் சொட்டாக வடியும் பதத்துக்குக் கொண்டுவந்து அப்புறம் நடுங்கள். பெர்லைட்டை நனைத்த பிறகே கையாளுங்கள், அந்தத் தூசி மூச்சுக்கு ஆகாது. பெர்லைட்டுக்குப் பதில் மணல் போடுவதானால் கொஞ்சம் எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம்.

கோகோபீட்டில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் உண்டு. உப்பை எடுக்க 'பஃபர்' செய்தது என்று விற்பதில் பெரும்பாலும் கால்சியம் நைட்ரேட் சேர்த்திருப்பார்கள், அதுவும் இதற்கு உரம்தான். வேறு வழியே இல்லையென்றால் சாதாரண கோகோபீட்டை மழைநீரில் பலமுறை ஊறவைத்துப் பிழியுங்கள், வடிகிற நீரின் டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) நீங்கள் ஊற்றிய நீரின் அளவுக்கு இறங்கும்வரை. ஆனாலும் என் முதல் தேர்வு பீட்தான்.

நெப்பந்தஸுக்கு இதே கலவை சரிவராது. அதன் வேருக்குக் காற்று இன்னும் அதிகம் வேண்டும். ஸ்பேக்னம் என்ற நீளமான சதுப்புப் பாசியோடு பெர்லைட்டோ ஆர்கிட் செடிக்குப் போடும் மரப்பட்டைத் துண்டுகளோ கலந்து, மேலிருந்து நீர் ஊற்றி வடியவிடுங்கள். ஃப்ளைட்ராப் தட்டில் ஒரு சென்டிமீட்டர் நீரில் நிற்கும், நெப்பந்தஸை அப்படி நிறுத்தினால் அழுகும்.

இரண்டுக்குமே மழைநீர் அல்லது டிஸ்டில்டு வாட்டர், டிடிஎஸ் 50 பிபிஎம்-க்குள். ஆர்.ஓ. நீரும் சரி, ஆனால் சில கருவிகள் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும், அளந்து பாருங்கள். தொட்டி பிளாஸ்டிக்கே இருக்கட்டும், மண் தொட்டியிலிருந்து உப்பு கசியும். புதிதாக இரண்டு மூன்று இலை விரியும்வரை பூச்சி எதுவும் போடாதீர்கள்.