முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவோரின் கேள்விகளும் பதில்களும்

முதல் கிட்டாரைப் பற்றிய நினைவுகளையும், குறைந்த விலையில் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவது குறித்த ஐயங்களையும் பலர் எழுதியிருந்தீர்கள். கிட்டார் பழுதுபார்ப்பதையும், தந்தி உயரத்தையும் சுருதியையும் வாசிக்க ஏற்றபடி சரிசெய்யும் செட்டப் வேலையையும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் பதில் தருகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை: 1980களில் நான் வாங்கிய முதல் கிட்டார் கொல்கத்தாவில் செய்யப்பட்டது. தந்திகள் விரல்பலகைக்கு மேல் வெகு உயரத்தில் நின்றன. விரல் நுனிகள் புண்ணாகி, சில மாதங்களில் அதைப் பரணில் ஏற்றிவிட்டேன். இப்போது எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினாலும் அதே கதைதானா?

இல்லை ஐயா. உங்கள் விரல்கள் புண்ணானதற்கு உங்கள் பயிற்சிக் குறைவு காரணமன்று. அக்கூஸ்டிக் கிட்டாரில் பூட்டப்படும் 0.012 அங்குலத் தந்திக் கட்டு, சுருதி சேர்த்த நிலையில், நெக்கை (தந்திகள் ஓடும் நீண்ட கழுத்துப் பகுதியை) ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுத்துக்கொண்டே இருக்கிறது. சரியாக உலராத மரத்தில், உள்ளே முடுக்கிச் சரிசெய்யக்கூடிய ட்ரஸ் ராடு என்னும் உலோகக் கம்பி இல்லாமல் செய்யப்பட்ட நெக், நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் சில ஆண்டுகள் இருந்தால் முன்பக்கமாக வளைந்துவிடும். நெக் வளைய வளையத் தந்தி மேலே போகும். அந்தக் காலத்தில் கிட்டார் தொட்ட பலருக்கும் எஃப் கார்டு (ஒரே விரலால் பல தந்திகளை ஒருசேர அழுத்த வேண்டிய சுரக்கூட்டு) ஒரு தண்டனையாகவே நினைவில் நிற்பதன் காரணம் இதுதான். எலெக்ட்ரிக் கிட்டாருக்கான 0.009 தந்திக் கட்டின் இழுவிசை 40 கிலோவை ஒட்டியே இருக்கும். 12ஆம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்தியின் உயரத்தை 1.5 முதல் 2 மி.மீ. வரை இறக்கி வைக்கலாம். தயங்காமல் வாங்குங்கள். பரணில் இருக்கும் பழைய கிட்டாரின் தந்திகளைத் தளர்த்தி வைத்துவிட்டு, நல்ல பட்டறை ஒன்றில் ஒருமுறை காட்டுங்கள். சிலவற்றில், தந்திகள் கிட்டாரின் உடலோடு சேரும் பிரிட்ஜில் அவற்றைத் தாங்கும் எலும்புத் துண்டைத் தேய்த்தாலே போதுமானதாக இருக்கும்.

பதினொரு வயதுப் பையனின் தாயார், கோயம்புத்தூர்: முதலில் இரண்டு ஆண்டுகள் அக்கூஸ்டிக் வாசித்த பிறகுதான் எலெக்ட்ரிக் தொட வேண்டும் என்று ஆசிரியர் சொல்கிறார். பையனோ எலெக்ட்ரிக்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான்.

பையன் பக்கம் நியாயம் இருக்கிறது அம்மா. மேலே சொன்ன இழுவிசைக் கணக்கைப் பார்த்தாலே, சிறுவர்களின் விரலுக்கு எலெக்ட்ரிக்தான் இலகுவானது என்பது விளங்கும். ஆசிரியர் நைலான் தந்தி பூட்டிய கிளாசிக்கல் கிட்டாரைச் சொல்லியிருந்தால் அது வேறு. அதற்கென்று தனிப் பாடமுறையும் தேர்வுகளும் உண்டு. அப்படியில்லாமல் பாடலுக்கு கார்டு வாசிப்பதுதான் நோக்கம் என்றால், எந்தக் கருவியை அவன் தினமும் கையில் எடுப்பானோ அதை வாங்கிக் கொடுங்கள்.

கிளாங், மலேசியாவிலிருந்து ஒரு வாசகர்: பெரிய கலைஞர்கள் எல்லாரும் தொடக்கத்திலேயே நல்ல கிட்டார் வைத்திருந்தார்களா? என் முதல் எலெக்ட்ரிக் கிட்டாரை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அவர்களில் பெரும்பாலோர் சிரிப்பு வரவழைக்கும் கிட்டாரில்தான் தொடங்கினார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் முதல் எலெக்ட்ரிக் கிட்டார், 1959இல் சியாட்டில் நகரில் அவருடைய தந்தை வாங்கிக் கொடுத்த வெள்ளை நிற சுப்ரோ ஓசார்க் என்னும் மலிவான மாடல். தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப் ஒன்றே ஒன்று மட்டுமே கொண்ட அந்த வலக்கைக் கிட்டாரை இடக்கைக்காரரான அவர் திருப்பிப் பிடித்து வாசித்தார். பின்னர் அதுவும் களவு போனது. இங்கிலாந்தில் 1959 வரை அமெரிக்கக் கிட்டார்களின் இறக்குமதிக்குத் தடை இருந்ததால், அங்குள்ள இளைஞர்கள் செக்கோஸ்லோவாக்கியாவில் செய்து ஃபியூச்சராமா என்ற பெயரில் விற்கப்பட்ட கிட்டாரை வாங்கினார்கள். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனும் லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜும் அதை வாசித்தவர்களே. வாங்கவும் வழியில்லாத பிரையன் மே, 1963இல் தன் தந்தையோடு சேர்ந்து சொந்தமாகவே ஒன்றைச் செய்யத் தொடங்கினார். நெக்குக்குப் பழைய கணப்படுப்பின் மேல்சட்ட மரமும், பிரிட்ஜை அசைத்துச் சுருதியை மாற்றும் ட்ரெமலோவுக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகளும், ஃப்ரெட் குறிகளுக்குத் தாயாரின் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்களும் பயன்பட்டன. குயீன் குழுவின் மேடைகளில் அவர் வாசித்தது பெரும்பாலும் அந்தக் கிட்டாரைத்தான்.

அமெரிக்கச் சிறுவர்களில் ஒரு தலைமுறையே சியர்ஸ் நிறுவனத்தின் விலைப்பட்டியல் புத்தகத்தைப் பார்த்துத் தபாலில் கிட்டார் வாங்கியது. 1962இல் வந்த சில்வர்டோன் 1448 மாடலில் ஒலியைப் பெருக்கும் ஆம்பும் ஸ்பீக்கரும் கிட்டார்ப் பெட்டிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்தன. பெட்டியை நிமிர்த்தி வைத்து, கேபிளைச் செருகி வாசிக்க வேண்டியதுதான். அதைச் செய்து கொடுத்த டேனலெக்ட்ரோ நிறுவனம், கிட்டாரின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நம் வீட்டு அலமாரிகளின் முதுகில் அடிக்கும் ஹார்ட்போர்டையும், பிக்கப்புகளுக்கு லிப்ஸ்டிக் குழாய்களையும் பயன்படுத்தியது.

கல்லூரி மாணவர், திருநெல்வேலி: என்னிடம் 25,000 ரூபாய் இருக்கிறது. ஸ்கொயர், யமஹா, ஐபனீஸ், எபிஃபோன் ஆகியவற்றில் எதை வாங்கலாம்?

முதலில், 25,000 ரூபாயையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாதீர்கள். 16,000 முதல் 18,000 வரை கிட்டாருக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் சிறிய ஆம்ப், நல்ல கேபிள், க்ளிப் ட்யூனர், கூடுதலாக ஒரு தந்திக் கட்டு ஆகியவற்றை வாங்கி, செட்டப் செய்யும் கூலியையும் எடுத்து வையுங்கள். செட்டப் செய்த 16,000 ரூபாய்க் கிட்டார், பெட்டியிலிருந்து அப்படியே எடுத்த 30,000 ரூபாய்க் கிட்டாரைவிடச் சுகமாக வாசிக்க வரும் என்பதை நான் என் மேசையில் அடிக்கடி பார்க்கிறேன். இப்போது விலை குறைந்த கிட்டார்களிலும் மரத்தை அறுப்பதும் ஃப்ரெட் பள்ளம் வெட்டுவதும் கணினி இயந்திரங்கள் என்பதால் அளவுகள் பிசகுவது அரிது. மனிதக் கை நேரம் செலவழிக்க வேண்டிய இடங்களில்தான் மலிவு வெளியே தெரியும்: ஃப்ரெட் முனைகளைத் தேய்ப்பது, நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் தங்கும் சிறு பட்டை) தந்திப் பள்ளங்களைச் சரியான ஆழத்துக்கு அராவுவது, சாக்கெட், ஸ்விட்ச் போன்ற சில்லறைப் பாகங்களின் தரம் ஆகியவை அவை. நட் அராவுவதும் ஃப்ரெட் முனை தேய்ப்பதும் எந்தப் பட்டறையிலும் அரை நாள் வேலை.

நீங்கள் கேட்ட நான்கில் எதை வாங்கினாலும் குறை சொல்ல மாட்டேன். ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால், 1990இலிருந்து வரும் யமஹா பசிஃபிகா வரிசையைச் சொல்வேன். பிரிட்ஜ் பக்கம் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடங்களில் ஒற்றைச் சுருள் பிக்கப்பான சிங்கிள் காயிலும் இருப்பதால், என்ன இசை பிடிக்கும் என்று இன்னும் முடிவு செய்யாதவருக்கு இரண்டு வகை ஒலியும் கையில் இருக்கும்.

தொழிற்பயிற்சி ஆசிரியர், சேலம்: ஸ்கொயர் என்பது ஃபெண்டரின் டூப்ளிகேட் என்கிறார்களே?

டூப்ளிகேட் அன்று, அது ஃபெண்டர் நிறுவனத்துக்கே சொந்தமான பெயர். மிச்சிகனில் வயலின் தந்தி செய்துகொண்டிருந்த வி.சி. ஸ்கொயர் என்ற பழைய நிறுவனத்தை 1965இல் ஃபெண்டர் வாங்கியது. 1970களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் அமெரிக்கக் கிட்டார்களை அச்சு அசலாகச் செய்து பாதி விலைக்கு விற்கத் தொடங்கின. கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனீஸ் கிட்டார்களின் தலை வடிவத்துக்காக 1977இல் வழக்குத் தொடுத்தது. ஃபெண்டரோ ஜப்பானிலேயே ஃபுஜிஜென் தொழிற்சாலையில் தன் கிட்டார்களைச் செய்வித்து, 1982 முதல் ஸ்கொயர் என்ற பெயரில் விற்றது. அந்தத் தொடக்க கால ஸ்கொயர்களைச் சேகரிப்பாளர்கள் இன்று நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். எபிஃபோனின் கதை சற்று வேறு. அது நியூயார்க்கில் கிப்சனுக்கே போட்டியாக இருந்த நிறுவனம், 1957இல் கிப்சன் அதை வாங்கிக்கொண்டது. உண்மையான டூப்ளிகேட் என்பது, முகம் தெரியாத விற்பனையாளர் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு இணையத்தில் விற்கும், தலையில் ‘ஃபெண்டர்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய கிட்டார்.

மருந்தாளுநர், தஞ்சாவூர்: எனக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. கடையில் கிட்டாரை எப்படிச் சோதிப்பது?

வாசிக்கத் தெரியாமலேயே முக்கால்வாசிச் சோதனையைச் செய்துவிடலாம். கிட்டாரின் பிரிட்ஜ் பக்கத்தைத் தோளருகே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நெக்கின் ஓரம் வழியாகத் தலைப்பக்கம் நோக்கிப் பாருங்கள். விளிம்பு ஏறத்தாழ நேராகவும், நடுவில் மிகச் சிறிய குழிவோடும் தெரிய வேண்டும். ஒருபக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தால் அதை எடுக்க வேண்டாம், முறுக்கிய நெக்கை ட்ரஸ் ராடால் நிமிர்த்த முடியாது. அடுத்து, தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் நெக் முடியும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்திக்கொண்டு, 7ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி போதும். அதற்கு மேல் பெரிதாக இருந்தால் கடைக்காரரிடம் ஆலன் கீ கேட்டு, உங்கள் கண் முன்னே சரிசெய்து தரச் சொல்லுங்கள்.

பிறகு உள்ளங்கையை நெக்கின் இரு ஓரங்களிலும் மேலும் கீழும் ஓட்டுங்கள். குளிரூட்டிய கடையில் மாதக்கணக்கில் தொங்கிய கிட்டாரில் விரல்பலகை மரம் வறண்டு சுருங்கி, ஃப்ரெட் முனைகள் வெளியே துருத்தி ரம்பம் போல் கையைக் கீறும். இது தீர்க்கக்கூடிய குறை என்பதால், கிட்டாரைத் தள்ளிவிடாமல் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி, பொறுமையாக மீட்டுங்கள். எந்த இடத்திலாவது ஒலி செத்துப்போனாலோ ஒரு ஃப்ரெட் அழுத்தினால் அடுத்த ஃப்ரெட்டின் சுருதி வந்தாலோ அங்கே ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது என்று பொருள். 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டும் ஒலியும், அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டும் ஒலியும் ட்யூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இன்டோனேஷன் (நெக் முழுவதும் சுருதி பிசகாமல் இருப்பது) திருத்த வேண்டும், பிரிட்ஜ் திருகுகளில் அதற்கு இடமிருக்கிறது. கடைசியாக ஆம்பில் செருகி, குமிழ்களை முழுதும் திருப்பிப் பாருங்கள், கேபிள் முனையை லேசாக ஆட்டிப் பாருங்கள். கரகரப்போ, விட்டுவிட்டு வரும் ஒலியோ இருந்தால் வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். இவ்வளவையும் செய்ய அனுமதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

மென்பொருள் பணியாளர், சென்னை: கிட்டாரை ஆம்பில் இணைத்தால் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது. தந்திகளில் கை வைத்தால் இரைச்சல் குறைகிறது. கிட்டாரில் கோளாறா?

கோளாறு அன்று. சிங்கிள் காயில் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள். தந்தியின் அதிர்வைப் பிடிப்பது போலவே வீட்டு மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அது பிடித்துக்கொள்கிறது. உங்கள் உடலும் அந்த இரைச்சலை வாங்கிக் கிட்டாருக்குக் கடத்துகிறது. தந்திகள் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், தொட்டவுடன் அந்தப் பங்கு குறைகிறது. கிப்சனின் செத் லவர் 1955இல் காப்புரிமை கோரிய ஹம்பக்கர் இதற்கான தீர்வு. அதில் இரண்டு சுருள்கள் எதிரெதிராகவும் அவற்றின் காந்த முனைகள் எதிரெதிராகவும் இருப்பதால், இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தந்தியின் ஒலி மட்டும் கூடி வருகிறது. உங்கள் கிட்டாரில் ஐந்து நிலை ஸ்விட்ச் இருந்தால் 2ஆம், 4ஆம் நிலைகளில் வைத்துப் பாருங்கள். நடு பிக்கப் எதிர்ச்சுற்றாக உள்ள மாடல்களில் அங்கே இரைச்சல் அடங்கும்.

ஆனால் தந்தியைத் தொடும்போது சுரீரென்று இழுத்தால் உடனே ஆம்பின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, எலெக்ட்ரீஷியனை அழைத்து வீட்டு எர்த்தைச் சோதியுங்கள். மூன்று முனை ப்ளக்கின் எர்த் முனையை உடைத்துவிட்டு இரண்டு முனைத் துளையில் செருகும் வழக்கம் கிட்டார்க்காரருக்கு உயிர் ஆபத்து.

வாசகர், வேலூர்: எந்த மரத்தில் செய்த எலெக்ட்ரிக் கிட்டார் நல்ல ஒலி தரும்?

இந்த விலையில் மரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மேலே சொன்ன ஹார்ட்போர்டு டேனலெக்ட்ரோவை ஜிம்மி பேஜ் பெரிய மேடைகளிலேயே வாசித்திருக்கிறார். பிக்கப்பைத் திருகால் இரண்டு மி.மீ. ஏற்றி இறக்கினால் கேட்கும் மாற்றம், உடல் மரத்தை மாற்றினால் கேட்பதைவிடப் பெரியது என்பது என் கருத்து.

பொறியியல் மாணவர், ஈரோடு: முதல் கிட்டாரிலேயே ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் இருக்கலாமா?

வேண்டாம். அது ஸ்பிரிங்குகளால் மிதந்து நிற்கும் ட்ரெமலோ வகை பிரிட்ஜ் என்பதால், ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விலகும். தந்தி மாற்றப் பழகுவதற்கே பொறுமை போய்விடும்.

கர்நாடக இசை மாணவி, ஸ்ரீரங்கம்: பத்து ஆண்டுகளாக வாய்ப்பாட்டு கற்கிறேன். கமகத்தோடு வாசிக்க எலெக்ட்ரிக் கிட்டார் பொருந்துமா? பொருந்தினால் எத்தகையது?

நன்றாகவே பொருந்தும். யு. ஸ்ரீநிவாஸ் மாண்டலினில் செய்ததை நினைத்துப் பாருங்கள். நான்கு இரட்டைத் தந்திகள் கொண்ட கருவியை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டார். ஒற்றைத் தந்தியை இழுத்து அசைப்பது எளிது. பிக்கப் இருப்பதால் ஒரு முறை மீட்டிய நாதம் கமகம் முடியும் வரை நிற்கும்.

கிட்டாரில் கவனிக்க வேண்டியவை மூன்று. ஃப்ரெட்டுகள் உயரமாக இருக்கட்டும். விரல் மரத்தில் உராயாமல் தந்தியை மட்டும் பற்றி இழுக்கலாம். 0.009 தந்திக் கட்டும், ஃபெண்டர் வகையின் 648 மி.மீ. தந்தி நீளத்தைவிட கிப்சன் வகையின் 628 மி.மீ. நீளமும் இழுப்பதற்கு இலகுவானவை. மூன்றாவதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்: ஸ்பிரிங் வைத்த ட்ரெமலோ பிரிட்ஜில் ஒரு தந்தியை இழுத்தால் பிரிட்ஜே சற்று முன்னால் சாய்ந்து, சுருதிக்காக ஒலித்துக்கொண்டிருக்கும் மற்றத் தந்திகள் இறங்கிவிடும், ஆதார ஷட்ஜமம் ஆடினால் உங்கள் காதுக்கு அது பொறுக்காது. ஆகவே நிலையான பிரிட்ஜ் உள்ளதை வாங்குங்கள். ஏற்கெனவே ட்ரெமலோ உள்ளது கையில் இருந்தால், பின்பக்கத் தகட்டைத் திறந்து, பிரிட்ஜின் கட்டைக்கும் உடல் மரத்துக்கும் இடையே அளவாகச் செதுக்கிய மரத்துண்டை இறுக்கி வைத்தால் அது அசையாமல் நிற்கும். தந்தியை இழுத்தால் சுருதி மேலேதான் போகும் என்பதால், மேலிருந்து இறங்கும் அசைவுகளுக்குத் தந்தியை முன்கூட்டியே இழுத்து வைத்து, மீட்டிய பின் தளர்த்த வேண்டும். வீணையில் தந்தியை இழுத்து வாசிப்பதைக் கூர்ந்து பார்த்தவருக்கு இது புதிதாக இராது.

மீன்வளத்துறை ஊழியர், நாகப்பட்டினம்: புதுத் தந்தி மாற்றினால் மூன்றே வாரத்தில் துருப்பிடிக்கிறது. மலிவான கிட்டார் என்பதாலா?

கிட்டாருக்கும் இதற்கும் தொடர்பில்லை. கடல் காற்றின் உப்பும் கை வியர்வையும் செய்யும் வேலை அது. வாசித்து முடித்தவுடன் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் அடியிலுமாகத் துடைத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட பெட்டியில் வையுங்கள். மேற்பூச்சு உள்ள தந்திகள் விலை கூடுதல்தான், ஆனால் உங்கள் ஊரில் அந்தக் கூடுதல் பணம் வீண் போகாது. பிரிட்ஜின் சிறு திருகுகளில் மாதம் ஒருமுறை ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். அவை துருப்பிடித்து இறுகினால் இன்டோனேஷன் திருத்த முடியாமல் போகும்.