கேள்வி–பதில்: எல்லைக்கோடு போடுவது எப்படி?

கே: திருத்தணி 1960-லேயே தமிழகத்துக்கு வந்துவிட்டது. பெல்காம் யாருக்கு என்ற மகாராஷ்டிர–கர்நாடகத் தகராறு மட்டும் ஏன் இன்னும் ஓயவில்லை? மராத்தியருக்கும் கன்னடருக்கும் மொழிவெறி கூடுதலா?
(வாசகர், அரக்கோணம்)

மொழிப்பற்றில் நாமோ ஆந்திரரோ யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. எதை அலகாக வைத்து ஆள் எண்ணுவது என்பதில்தான் சிக்கல்.

மாநிலங்களைத் திருத்தியமைப்பது பற்றி 1955-ல் அறிக்கை தந்த பசல் அலி ஆணையம் பெரும்பாலும் மாவட்டத்தையே அலகாக எடுத்துக்கொண்டது. நிர்வாகத்துக்கு அது சுலபம். ஆனால் ஓரத்துக் கிராமங்கள் மாட்டிக்கொள்ளும். 1953-ல் சித்தூர் மாவட்டம் ஆந்திராவோடு போனபோது திருத்தணி அப்படித்தான் மாட்டியது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு எச்.வி. படாஸ்கர் நடுவராக வந்தார். அவர் கிராமத்தை அலகாக எடுத்தார்: ஊரில் எந்த மொழியினர் பெரும்பான்மை, அந்த மாநிலத்தோடு நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்தார். அவர் தீர்ப்பை இரு அரசுகளும் ஏற்றன. 1959-ல் சட்டம் வந்தது, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி மாறியது. திருப்பதி ஆந்திராவிலேயே நின்றது. அதில் இங்கே பலருக்கு மனத்தாங்கல்தான்.

பெல்காமில் அந்த இசைவு கிட்டவில்லை. 1966-ல் அமைந்த மகாஜன் ஆணையம், நிப்பாணி, கானாபூர் உட்பட 264 கிராமங்கள் மகாராஷ்டிரத்துக்கும், தெற்கு சோலாப்பூர், அக்கல்கோட் பகுதிகள் உட்பட 247 கிராமங்கள் கர்நாடகத்துக்கும் போகட்டும், பெல்காம் நகரம் கர்நாடகத்திலேயே இருக்கட்டும் என்றது. கர்நாடகம் சரி என்றது, மகாராஷ்டிரம் மறுத்தது. ‘படாஸ்கர் முறைப்படி கிராமம் கிராமமாகப் பாருங்கள்’ என்பது அதன் வாதம். 2004-ல் உச்ச நீதிமன்றத்துக்கும் போய்விட்டது. கர்நாடகமோ பெல்காமில் இரண்டாவது சட்டமன்றக் கட்டடமே எழுப்பி 2012-ல் திறந்துவிட்டது. வழக்கு நடக்கும்போதே தரையில் கல்லூன்றிவிடுவது பழைய தந்திரம்.

கிராம அலகும் முழு மருந்தில்லை. நகரத்தில் ஒரு மொழி, சுற்றுப்பட்டில் இன்னொரு மொழி என்றால் நடுவில் தீவுகள் முளைக்கும். யாரை எண்ணுவது என்பதிலும் வம்பு வரும். இன்று கேரளத்தில் உள்ள தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மையாக இருந்தும், தோட்டத் தொழிலாளர்கள் நிலையான குடிகள் அல்லர் என்று பசல் அலி ஆணையம் ஒதுக்கியது. தலைமுறையாக இருப்பவரை வந்துபோகிறவர் என்று கணக்கிட்டது நியாயமில்லை என்பதே நம் கருத்து.

கே: சட்டமன்றம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டாலும் மத்திய அரசு ஒரு மாநிலத்தைப் பிரிக்க முடியுமா?
(வாசகர், திண்டிவனம்)

முடியும். அரசியல் சட்டத்தின் 3-வது பிரிவின்படி குடியரசுத் தலைவர் மசோதாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிக் கெடு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். அந்தக் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது. நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆந்திர சட்டமன்றம் 2014 ஜனவரியில் மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஜூன் 2-ல் தெலங்கானா பிறந்தது.

பிரிப்பதைவிடப் பங்கு போடுவதே பெரும்பாடு. மக்கள்தொகையைக் கொண்டு ஆந்திராவுக்கு 58.32, தெலங்கானாவுக்கு 41.68 என்று விகிதம் வகுத்தார்கள். கடனுக்கு அது பொருந்தும். இருக்கும் கட்டடமும் நிலமும் இருக்குமிடத்துக்காரருக்கே என்றால், தலைமையகங்கள் எல்லாம் ஹைதராபாத்தில் இருக்க, ஆந்திரா என்ன செய்யும்? ஹைதராபாத் இரு மாநிலங்களுக்கும் பத்து ஆண்டுப் பொதுத் தலைநகர் என்ற ஏற்பாடு 2024 ஜூன் 2-ல் முடிந்த பிறகும் நிறுவனப் பங்கீட்டில் பிணக்கு இருந்துகொண்டேதான் இருந்தது.

கே: ‘மண்ணின் மைந்தர்களுக்கே வேலை’ என்று மாநிலம் சட்டம் போடலாமா?
(வாசகி, கோவை)

ஹரியானா போட்டுப் பார்த்தது. மாதம் 30,000 ரூபாய்க்கு உட்பட்ட தனியார் வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு என்ற சட்டத்தை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு வேலையில் வசிப்பிட நிபந்தனை விதிக்கும் சட்டம் நாடாளுமன்றத்தின் கையில்தான்.

கே: பெங்களூரில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குத் தமிழ்வழி ஆரம்ப வகுப்பு கேட்க வழி உண்டா?
(வாசகர், பெங்களூரு)

உண்டு. ஒரு வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளி முழுவதும் 40 பேர் இருந்தால் தாய்மொழி ஆசிரியர் தர வேண்டும் என்று 1949-லேயே மாகாணக் கல்வி அமைச்சர்கள் ஒப்புக்கொண்டார்கள். அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவும் ஆரம்பக் கல்வியில் தாய்மொழி வசதிக்கு மாநிலம் முயல வேண்டும் என்கிறது. ‘முயல வேண்டும்’தான், அதனால் எழுத்தில் கேட்காமல் எதுவும் நகராது.

பள்ளி ஆண்டு தொடங்க மூன்று மாதம் முன்பே பெற்றோர் பெயர்ப் பதிவு செய்யலாம் என்பது மொழிச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்று. பலர் பள்ளி திறந்த பிறகு போய் நிற்கிறார்கள். அதற்குள் ஆசிரியர் பணியிடக் கணக்கு முடிந்திருக்கும். சேர்க்கைப் படிவத்தில் ‘தாய்மொழி’க்கு நேரே, சங்கடம் வேண்டாமென்று கன்னடம் என எழுதினால் எண்ணிக்கை அங்கேயே விழும். நான்கு பள்ளிகளில் ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஐந்தைந்து பேராகச் சிதறியிருந்தால், ஒரே பள்ளியைத் தேர்ந்து எல்லாப் பெயரையும் அங்கே பதியுங்கள். மனுவை வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் அந்த நகலோடு மொழிச் சிறுபான்மையினர் ஆணையருக்கு எழுதலாம். உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கில்லை. ஆனால் மாநில அரசிடம் விளக்கம் கேட்பார், அவர் அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகும்.