அட்டையைக் கடைசியில் பார்க்கலாம்

அன்புள்ள அக்கா,

கிருஷ்ணகிரியில் ஃபேஷன் டிசைன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் பாலக்கோடு, தினமும் பஸ். ஆறு வாரத்தில் ஆளுக்கொரு ஃபேஷன் இதழ் அச்சிட்டுத் தர வேண்டும். 28 பக்கம் என்று தொடங்கினேன். மூன்று வாரம் போய்விட்டது, அட்டை மட்டும்தான் முடிந்திருக்கிறது. இரவு ஒரு மணி வரை உட்கார்ந்தும் நகரவில்லை. நேரத்தை எப்படிப் பிரிப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

இரவு ஒரு மணி வரை விழித்திருப்பவளிடம் இன்னும் உழை என்று சொல்ல மாட்டேன். மாற வேண்டியது வரிசைதான். அட்டை, எழுத்துரு, நிறம் எல்லாம் உன் லேப்டாப்பில் இருக்கின்றன, எந்த ராத்திரியும் செய்யலாம். தையல்காரரும், மாடலாக நிற்கும் தோழியும், அச்சகக்காரரும் உன் ராத்திரிக்கு வர மாட்டார்கள். அடுத்தவர் நேரம் தேவைப்படும் வேலைகளை முன்னால் இழு.

கல்லூரி மலரில் நானும் இதே தவறைச் செய்தேன். தலைப்பெழுத்துக்கே பத்து நாள் போனது. போட்டோ எடுக்கப் போனபோது தோழிகளுக்கு இன்டர்னல் தேர்வு. பழைய விழாப் படங்களைப் போட்டு நிரப்பினோம். அந்த மலரைப் பிரிக்க இன்றும் மனம் வருவதில்லை.

28 பக்கத்தை 16 ஆக்கு. நடுவில் பின் அடிக்கும் இதழில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் குறையும், கூடும். நாலு ஏ4 தாளை மடித்துப் பின் அடித்தால் 16 பக்க டம்மி, அதாவது வெற்று மாதிரி இதழ், தயார். எந்தப் பக்கத்தில் எது என்று பென்சிலால் எழுது. எத்தனை படம் வேண்டும், எது இரண்டு பக்கம் பரவும் என்று முன்பே தெரிந்துவிட்டால், நானூறு படம் எடுத்துவிட்டு அதில் பொறுக்க இரண்டு இரவு போகாது.

போட்டோவுக்கு ஒரே நாள். கே.ஆர்.பி. அணைப் பக்கத்து வயல்வெளி என்றால் காலை ஆறரைக்கே அங்கே இரு. வெயில் உச்சிக்கு ஏறினால் கண்ணுக்குக் கீழே நிழல் கட்டும், துணியின் நிறமும் வெளுக்கும்.

கட்டுரைக்கு வெளியூர் தேட வேண்டாம். தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியில் லம்பாடிப் பழங்குடிப் பெண்கள், மறைந்துகொண்டிருந்த தங்கள் கை எம்பிராய்டரியை மீட்டெடுத்திருக்கிறார்கள். தருமபுரியில் பட்டுக்கூடு ஏல அங்காடி இருக்கிறது. அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்துவிட்டால் இழை அறுந்துவிடும், அதனால் விவசாயி கூட்டை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. பட்டுப் புடவைக்குப் பின்னால் இப்படி ஓர் அவசரம் இருப்பதை எந்த ஃபேஷன் இதழிலும் நான் படித்ததில்லை. இரண்டுக்கும் போக ஆசை வரும். உனக்குப் பக்கம் தருமபுரி, அதை எடு. குறிப்புகளை பஸ்ஸிலேயே போனில் எழுதிவிடலாம்.

அச்சுக்குக் கடைசி நான்கு நாளை ஒதுக்கு. படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதே, அளவு சுருங்கிவிடும். அச்சிடும் அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கட்டும், வெட்டுவதற்கு ஓரத்தில் 3 மி.மீ. கூடுதலாக விடு. ஒரு பக்கத்தை மட்டும் முதலில் அச்சிட்டுப் பார். திரையில் பளிச்சென்று இருக்கும் ராமர் பச்சை தாளில் மங்கும்.

சரி, அந்த அட்டையை இப்போதைக்கு மூடி வை. போட்டோ எடுத்த பிறகு அதைவிட நல்ல படம் உன் கையில் இருக்கும். இன்று மாலை பஸ் ஏறுவதற்கு முன் தையல்காரரைப் பார்த்து, உடுப்புகளை எந்தத் தேதிக்குத் தருவார் என்று கேட்டுவிடு.