சுவர் இல்லாத நீர்

வணக்கம். பல ஆண்டுகளாக நீச்சல் குளத்தில் நீந்தி வருகிறேன். 2 கிலோமீட்டர் என்பது எனக்குப் பெரிய தூரமில்லை. அண்மையில் நண்பர்களோடு முதல்முறையாக ஓர் ஏரியில் இறங்கினேன். சிறிது தூரம் போவதற்குள் மூச்சு முட்டியது, நெஞ்சு படபடத்தது. கீழே ஒன்றுமே தெரியவில்லை. திரும்பிவிட்டேன். நடுவே போய்விட்டால் பயம் தெளிந்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். இத்தனை காலம் நான் நீந்தியது நீச்சலே இல்லையா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீச்சல்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் குளத்தில் உங்களுக்கு ஒரு கூட்டாளி இருந்தது: சுவர். 25 மீட்டர் குளத்தில் 2 கிலோமீட்டர் போனால் 79 முறை திரும்புகிறீர்கள். ஒவ்வொரு முறையும் சுவரை உதைத்துச் சில மீட்டர் சும்மா வழுக்கிப் போகிறீர்கள், கைகள் ஓய்வெடுக்கின்றன. ஏரியில் அந்தச் சலுகை கிடையாது. அதனால் குளத்துத் தூரத்தை அப்படியே ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மூச்சு முட்டியதற்குப் பயத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. குளிர்ந்த நீர் மேலே பட்டதும் உடல் தன்னிச்சையாக மூச்சை வெடுக்கென்று உள்ளிழுக்கும். பிறகு மூச்சு வேகமெடுக்கும், இதயம் அடித்துக்கொள்ளும். தேர்ந்த நீச்சல்காரருக்கும் இது நேரும். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்தில்தான் பலர் முகத்தை நீருக்குள் வைத்து வேகமாகக் கைபோடத் தொடங்குகிறார்கள். குதிக்காமல் நடந்தே இறங்குங்கள். முகத்திலும் பிடரியிலும் நீரை அள்ளி விட்டுக்கொள்ளுங்கள். மல்லாந்து மிதந்து, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். மூச்சு சீரான பிறகு நீந்தலாம்.

கீழே ஒன்றும் தெரியாதது வேறு விவகாரம். முழங்கைவரை பழுப்பாகத் தெரியும் கை, விரல்களுக்கு வரும்போது காணாமல் போகும். கோடையில் மேல்நீர் இதமாக இருக்க, காலைத் தொங்கவிட்டால் சட்டென்று குளிர் ஏறும். வெதுவெதுப்பான நீர் மேலேயும் குளிர்ந்தது அடியிலும் தங்கிவிடுவதுதான் காரணம். நீர்ச்செடி காலில் உரசுவது எனக்கு இன்றும் பிடிப்பதில்லை. பிடிக்கத்தான் வேண்டுமா என்ன? உதறாமல், மெல்லக் கைபோட்டு விலகிவிட்டால் போதும்.

குளத்தின் தரையில் இருக்கும் கறுப்புக் கோடு இங்கே இல்லை. ஒரே பக்கம் மூச்சு எடுப்பவர் நேராகப் போவதாக நினைத்துக்கொண்டே வளைந்து போவார். எதிர்க்கரையில் உயரமான மரம் ஒன்றைக் குறிவைத்து, சில வீச்சுகளுக்கு ஒருமுறை முதலையைப் போலக் கண்களை மட்டும் நீருக்கு மேலே கொண்டுவந்து பாருங்கள். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பும் காலும் அமிழ்ந்துவிடும். அது கடினமாக இருந்தால் தவளை நீச்சல் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 1875-இல் மேத்யூ வெப் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவிலுள்ள கடலான ஆங்கிலக் கால்வாயை ஏறத்தாழ 22 மணி நேரத்தில் கடந்தது தவளை நீச்சலில்தான்.

நண்பர்களின் யோசனையை நான் ஏற்கமாட்டேன். நீங்கள் திரும்பி வந்ததுதான் சரி. கால் ஊன்றும் ஆழத்தில் கரையை ஒட்டியே நீந்துங்கள், துணையில்லாமல் இறங்காதீர்கள். பளிச்சென்ற நிறத்தில் ஒரு மிதவையை இடுப்பில் கட்டிக்கொண்டால் படகுக்காரர் கண்ணில் படுவீர்கள், களைத்தால் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அது உயிர்காக்கும் சட்டைக்கு மாற்று அல்ல.

இன்னொன்று. குளிர்ந்த நீரிலிருந்து கரையேறிய பிறகும் உடலின் உட்சூடு சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். உடனே துவட்டி, உலர்ந்த உடை மாற்றிக்கொள்ளுங்கள். அரட்டையெல்லாம் அதற்குப் பிறகு.