டோபாஸ் தொப்பியிலிருந்து வந்ததா? கப்பல்காரர்கள் கூடினால் பேசுவது இதுதான்

ஓய்வு பெற்ற சரக்குக் கப்பல் ஆட்கள் ஒன்று சேர்ந்தால் என்ன பேசிக்கொள்வார்கள், கப்பலுக்கென்று தனிப் பேச்சு உண்டா, தொப்பிகளுக்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்று ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களுக்குள் நடக்கிற பெரிய சண்டையே, கப்பலின் துப்புரவு ஆளுக்குப் பெயரான டோபாஸ் என்ற சொல்லும் ஒரு தொப்பியும் பற்றியதுதான்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் இந்தியக் கப்பல்களில் சுக்கான் பிடித்தவன். எங்கள் பதவிக்குப் பெயர் சீகன்னி. கேட்கிறவர்கள் முதலில் அது என்ன கன்னி என்பார்கள். கன்னியும் இல்லை, சொல்லிலே கடலும் இல்லை. சுக்கான் என்ற அரபுச் சொல் தமிழில் அப்படியே சுக்கானாக நின்றுவிட்டது, அதைப் பிடிக்கிறவன் சுக்கானி, ஆங்கிலேயன் காதில் அது தன் பாஷையின் 'சீ', அதாவது கடல், சேர்ந்து சீகன்னி என்று விழுந்தது, அதையே எழுதி எங்கள் சர்டிபிகேட் வரைக்கும் கொண்டுவந்துவிட்டான். மாலுமியும் அப்படித்தான், அரபியில் முஅல்லிம், கற்றுக்கொடுப்பவன் என்று பொருள். நாம் எல்லாக் கப்பல்காரனையும் மாலுமி என்கிறோம், கப்பலிலோ மாலம் என்றால் அதிகாரி மட்டும்தான். சீஃப் ஆபீசர் படா மாலம் சாப், அடுத்தவர் தூஸ்ரா மாலம் சாப்.

இந்தப் பேச்சுக்கு லஷ்கரி என்று பெயர். லஸ்கர் என்று ஆங்கிலேயர்கள் அழைத்த ஆசியக் கப்பல் தொழிலாளர்களின் பொதுமொழி. இந்துஸ்தானி அடித்தளம், அதன் மேலே போர்த்துகீசியம், அரபி, பாரசீகம், குஜராத்தி, மராத்தி, கொஞ்சம் ஆங்கிலம். 1811-லேயே தாமஸ் ரோபக் என்பவர் கல்கத்தாவில் இதற்கு ஒரு அகராதி போட்டிருக்கிறார், ஆங்கில அதிகாரிகள் லஸ்கர்களிடம் வேலை வாங்க வேண்டுமே, அதற்காக. வலப்பக்கம் ஜம்னா, இடப்பக்கம் டாவா, முன்பக்கம் ஆகில், பின்பக்கம் பிச்சில். ஜம்னா குஜராத்தி வாடை, டாவா மராத்தி. செராங் என்றால் டெக் ஆட்களுக்குத் தலைவர், பாரசீகத்தில் சர்ஹங்க், படைத்தலைவன். அவருக்கு அடுத்தவர் டிண்டல். இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும், ஏனென்றால் அது தெற்கத்திச் சொல். தூத்துக்குடித் தோணியில் தலைவனைத் தண்டல் என்றுதான் சொல்வார்கள், அதே ஆள்தான் இவர். இன்ஜின் ரூமில் எண்ணெய் விடுகிறவர் தேல்வாலா, நெருப்புப் பார்க்கிறவர் ஆக்வாலா. ரேடியோ ஆபீசர் மார்க்கோனி சாப். வெள்ளைக்காரன் கப்பலில் அவரையே ஸ்பார்க்ஸ் என்பார்கள். 1999 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள் வழி அபாய அழைப்பு முறை முழுமையாக அமலுக்கு வந்தது, மோர்ஸ் தட்டத் தனி ஆள் கட்டாயம் இல்லை என்றாகி, அந்தப் பதவியும் அதோடு சேர்ந்து அந்தப் பெயரும் போயின.

இப்போது எங்கள் கூட்டத்தில் அப்படி ஒரு மார்க்கோனி சார் இருக்கிறார், எங்கள் செராங் அண்ணன் இருக்கிறார், ஒரு தேல்வாலா, அப்புறம் நான். ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பேரும் போனில் சேர்வோம். செராங் அண்ணன் வந்ததும், "எல்லாரும் ஸ்டேஷன்ல நிக்கிறீங்களா?" என்பார். தேல்வாலா லைன் கிடைக்காமல் கடைசியாகத்தான் வருவான். "இன்ஜின் ரூம்லேர்ந்து மேல ஏறி வர இவ்வளவு நேரமாடா?" என்று அண்ணன் கேட்பார். "அண்ணே, நாங்க கீழ எண்ணெய் ஊத்தலைன்னா நீங்க மேல விசில் மட்டும்தான் ஊதிக்கிட்டு இருந்திருப்பீங்க" என்பான் அவன். அந்த விசில் சாதாரண விசில் இல்லை. பழைய பயணிக் கப்பல்களில் செராங்குக்கு வெள்ளிச் சங்கிலியில் தொங்கும் வெள்ளி விசில்தான் பதவி அடையாளம். எங்கள் அண்ணன் அதை இன்னும் வைத்திருக்கிறார்.

சரி, ஹாபீஸ், ஆரியா. தூக்கு என்றால் ஹாபீஸ், இறக்கு என்றால் ஆரியா. துறைமுகத்திலும் கட்டட வேலையிலும் கிரேன் அடியில் நின்று இன்றைக்கும் இதைக் கத்துகிறார்கள், அவர்களில் பலருக்கு அது கப்பல் சொல் என்று தெரியாது. 80-களில் ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டின் மாபுட்டோ துறைமுகத்தில், கப்பலிலேயே இருக்கும் டெரிக் என்ற பாரந்தூக்கியில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தோம். அதன் கயிற்றை இழுத்துவிடும் விஞ்சில் நின்றது கரைத் தொழிலாளி, அவருக்கு ஆங்கிலமும் இந்தியும் தெரியாது, எங்களுக்கு அவர் மொழி தெரியாது, கையை ஆட்டிக்கொண்டே காலையெல்லாம் ஓடியது. மதியம் ஒரு கட்டு சரக்கு ஆடத் தொடங்கியதும் அண்ணன் பழக்கத்தில் "ஆரியா! ஆரியா!" என்று கத்தினார். அந்த மனிதர் சட்டென்று இறக்கினார், இறக்கிவிட்டு எங்களை ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார். ஆரியா போர்த்துகீசியச் சொல், அர்ரியார் என்றால் இறக்குவது. எந்தக் காலத்திலோ போர்த்துகீசியக் கப்பலில் வேலை பார்த்த நம் ஆட்கள் பிடித்துவந்த சொல், அதே மொழி பேசும் ஊரில் அன்றைக்கு எங்கள் சரக்கையும் கீழே நின்றவர்களையும் காப்பாற்றியது. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

ஆங்கிலக் கப்பல்காரர்களும் நம்மிடமிருந்து சும்மா போகவில்லை. துணி துவைப்பதற்கு அவர்கள் டோபி என்றுதான் சொல்வார்கள். டிங்கி என்ற சின்னப் படகு இந்தியச் சொல், டங்கரீஸ் மும்பை டோங்ரியின் முரட்டுத் துணி, தலையில் கட்டும் பந்தனா நம் ஊர் முடிச்சுச் சாயத் துணி. கட்டுமரம் எப்படி உலகம் முழுக்கப் போனது என்று எல்லோருக்கும் தெரியும்.

சுக்கான் பிடித்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இடப்பக்கத்துக்கு முன்பு லார்போர்ட் என்று பெயர், காற்றில் கத்தும்போது ஸ்டார்போர்ட் மாதிரியே கேட்கும் என்பதால் பிரிட்டிஷ் கடற்படை 1844-ல் அதைத் தூக்கிவிட்டு போர்ட் என்று வைத்தது. அதற்கப்புறமும் குழப்பம் தீரவில்லை, சுக்கான் கட்டையை எந்தப் பக்கம் தள்ள வேண்டுமோ அந்தப் பக்கத்தைத்தான் கட்டளையாகச் சொல்வார்கள், கப்பல் எதிர்ப்பக்கம் திரும்பும். 1912-ல் டைட்டானிக்கில் ஸ்டார்போர்ட் என்று கட்டளை வந்தது, கப்பல் இடப்பக்கம் திரும்பியது, அது அந்தக் காலத்துக்குச் சரியான செயல்தான். 1930-களில்தான் சொல்லும் திசையும் கப்பல் திரும்பும் திசையும் ஒன்று என்று மாற்றினார்கள்.

தொப்பிக்கு வருகிறேன். கப்பலில் தொப்பி அழகுக்கு இல்லை. கேப்டன் தொப்பியின் முன்விளிம்பில் தங்க இலை வேலைப்பாடு இருக்கும், அதைக் கிளறின முட்டை என்பார்கள் வெள்ளைக்காரர்கள். மழைக்கும் அலைக்கும் போடும் சௌவெஸ்டர் தொப்பிக்குப் பின்விளிம்பு முன்விளிம்பைவிட நீளம், தண்ணீர் சட்டைக் கழுத்துக்குள் இறங்காமல் பின்னால் வழிந்துபோக வேண்டும் என்பதற்காக. ஒரு காலத்தில் கப்பல்காரர்கள் துணித் தொப்பிக்குத் தாரே பூசிப் போட்டுக்கொண்டார்கள், ஜாக் டார் என்று பிரிட்டிஷ் மாலுமிக்குப் பெயர் வந்ததற்கு அந்தத் தாரையே காரணமாகச் சொல்வார்கள். எங்களுக்கு வெயிலில் ஹெல்மெட்டுக்கு அடியில் ஒரு துண்டு, வியர்வை கண்ணில் இறங்காமல் இருக்க. குளிரில் கம்பளிக் குரங்குக் குல்லா.

குல்லாவைப் பற்றி அண்ணன் ஒரு சட்டம் வைத்திருந்தார், பனிமூட்டத்தில் காவலுக்கு நிற்கிறவன் காதை மூடக் கூடாது. வட கடலில் எலும்பு வரை குளிர் ஏறும், ஆனாலும் குல்லாவைக் காதுக்கு மேலே தூக்கி வைத்துத்தான் நிற்க வேண்டும். அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, 1972-ல் போட்ட மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதியே அதுதான், பார்வையாலும் காதாலும் காவல் காக்க வேண்டும். பனிமூட்டத்தில் எதிர்க்கப்பலின் சங்கொலிதான் முதலில் வரும். அப்படி ஒரு ராத்திரி நான் விறைத்த காதோடு நின்றபோது இடப்பக்கத்தில் மெல்லிசாக ஒரு ஊதல் கேட்டது, சொன்னேன், மாலம் சாப் கப்பல் வேகத்தைக் குறைத்தார். கொஞ்ச நேரத்தில் மிகக் கிட்டத்தில் ஒரு மீன்பிடிக் கப்பல் விளக்கு தெரிந்தது. அண்ணனிடம் அதற்காக நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

கடைசியாக அந்தச் சண்டை. கப்பலில் கழிப்பறை கழுவி, தளம் பெருக்கி, குப்பை எடுக்கிறவருக்கு டோபாஸ் என்று பெயர். பழைய காலத்தில் அது பதவிப் பெயரே இல்லை, போர்த்துகீசிய வம்சம் என்று சொல்லிக்கொண்ட கிறிஸ்தவர்களைத்தான் டோபாஸ் என்றார்கள், அவர்கள் சிப்பாய்களாகவும் இருந்தார்கள். சொல் எங்கிருந்து வந்தது? தொப்பி போட்டவர்கள், அதனால் டோபாஸ் என்கிறார் மார்க்கோனி சார். இல்லை, துபாஷி, இரண்டு மொழி பேசுகிறவன் என்பது என் கட்சி. இரண்டு விளக்கமும் பழைய ஆங்கிலோ இந்திய அகராதிகளில் இருக்கின்றன. ஒவ்வொரு ஞாயிறும் இதில் வந்து நிற்போம். "உங்க துபாஷி எப்படி சார் டோபாஸ் ஆச்சு?" என்று அவர் என்னையே சார் போட்டுக் கிண்டல் செய்வார். "சுக்கானி சீகன்னி ஆகலையா?" என்பேன்.

எனக்கு இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. தொப்பியோ துபாஷியோ, இரண்டில் எதுவானாலும் மதிப்பான ஒரு பெயர், அதைக் கப்பலின் கடைசி வேலைக்கு ஒட்டவைத்து, அந்த ஆளைச் சாப்பாட்டு மேஜையில் தள்ளி உட்காரவைத்ததை நான் பார்த்திருக்கிறேன், அது தவறு. என் முதல் கப்பலில் இருந்த டோபாஸ் ஐந்து மொழி பேசுவார். மேலே எழுதியிருக்கிற சொற்களில் பாதியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், ராத்திரி வாட்ச் முடிந்து வந்தால் பின்டெக்கில் உட்காரவைத்து, "இதுக்கு உங்க ஊர்ல என்ன தம்பி சொல்வாங்க?" என்று திருப்பிக் கேட்டுக் கேட்டுச் சொல்லித் தருவார். நங்கூரம், அணியம், பாய், கயிறு என்று நான் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

போன ஞாயிறு இதைச் சொன்னபோது மார்க்கோனி சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி சீகன்னி, அந்த ஆளுக்காக இந்த வாரம் துபாஷி" என்றார். அடுத்த வாரம் மறுபடி தொப்பிக்கே போய்விடுவார், எனக்குத் தெரியும்.