முனையத்தின் அமைப்பும் நேரடி விமானங்களும்

கேள்வி: எங்கள் மகள் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் வசிக்கிறாள். சென்னையிலிருந்து அங்கே போய்ச் சேர இரண்டு இடங்களில் விமானம் மாற வேண்டியிருக்கிறது. அந்த ஊர் விமான நிலையத்தின் பழைய முனையம் கட்டப்பட்ட விதமே விமானங்கள் குறைந்ததற்குக் காரணம் என்கிறார் மருமகன். கட்டடத்துக்கும் விமானங்களுக்கும் அப்படியொரு தொடர்பு உண்டா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்டு. உங்கள் மருமகன் சொல்வதில் பெரும்பகுதி உண்மையே. நடுத்தர நகரம் ஒன்று தன் சொந்தப் பயணிகளை மட்டும் கொண்டு பல நேரடி விமானங்களை நிரப்ப இயலாது. வேற்றூர்க்காரர்கள் அங்கே வந்து இறங்கி அடுத்த விமானத்தைப் பிடித்தால்தான் மீதி இருக்கைகள் நிறையும்.

1972-இல் கான்சஸ் சிட்டியில் திறக்கப்பட்ட மூன்று வளைய வடிவ முனையங்களில், காரை விட்டு இறங்கியவர் ஏறக்குறைய 25 மீட்டர் நடந்தாலே விமான வாயிலை அடைந்துவிடலாம். உள்ளூர் மக்களுக்கு அது பெரும் வசதி. ஆனால் 1973-இல் பயணிகள் அனைவரையும் சோதனையிடுவது அமெரிக்காவில் கட்டாயமாயிற்று. கட்டடம் ஒடுக்கமாக இருந்ததால் சில வாயில்களுக்கு ஒன்றெனத் தனித்தனிச் சோதனை இடங்களை அமைக்க நேர்ந்தது. சோதனை முடிந்து உள்ளே போனவர் காத்திருக்கும் பகுதிகள் பலவற்றில் கழிப்பறைகூட இல்லை. வெளியே வந்தால் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். வேறு முனையத்தில் விமானம் மாறுபவரோ வெளியேறி, பேருந்து ஏறி, இன்னொரு முறை சோதனைக்கு உட்பட வேண்டியிருந்தது. அந்நகரிலேயே பராமரிப்புத் தளம் வைத்திருந்த டி.டபிள்யூ.ஏ. (டிரான்ஸ் வேர்ல்ட் ஏர்லைன்ஸ்) விமான நிறுவனம் 1982-இல், பயணிகள் விமானம் மாறும் தன் இணைப்பு மையத்தை அதே மாநிலத்திலுள்ள செயின்ட் லூயி நகருக்கு மாற்றிக்கொண்டது. லண்டன், பாரிஸ் நேரடி விமானங்கள் செயின்ட் லூயிக்குப் போயின.

கட்டியவர்களை நான் குறை கூறமாட்டேன். சோதனை முறை மாறிய பின்னும் அரை நூற்றாண்டு அதே அமைப்போடு காலம் தள்ளியதுதான் தவறு. 39 வாயில்களும் ஒரே பொதுச் சோதனைப் பகுதியும் கொண்ட புதிய முனையம் 2023 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது.

எனினும் கட்டடம் தடையை நீக்குமே தவிர, தானாக விமானத்தை வரவழைக்காது. டி.டபிள்யூ.ஏ. 2001-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது. அந்நிறுவனம் 2003-இல் செயின்ட் லூயி சேவைகளை வெகுவாகக் குறைத்தது. அதன்பின், 2006-இல், நூறு கோடி டாலருக்கும் மேல் செலவழித்து அங்கே திறந்த புதிய ஓடுபாதைக்குப் போதிய விமானங்கள் இல்லை. உங்கள் பயணத்தில் ஒரு மாற்றமாவது குறைய வேண்டுமானால், சென்னைக்கு நேரடித் தொடர்புள்ள ஐரோப்பிய அல்லது வளைகுடா நகரம் ஒன்றிலிருந்து கான்சஸ் சிட்டிக்கு விமானம் விடுவது கட்டுப்படியாகும் என்று ஏதேனும் ஒரு நிறுவனம் கணக்கிட வேண்டும்.