பயணக் கேள்வி-பதில்: மழை நாளில் பர்ரன்

கேள்வி: அக்டோபர் கடைசியில் தனியாக அயர்லாந்து போகிறேன். கிராமப்புறத்துக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடிகிறது. அன்றைக்கும் மழை என்றால் அறையிலேயே இருந்துவிட வேண்டியதுதானா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இருந்துவிடாதீர்கள் அம்மா. அயர்லாந்தின் மேற்கில் சில பகுதிகளில் ஆண்டுக்கு 225 நாள் வரை மழை உண்டு. விடட்டும் என்று காத்திருந்தால் ஊர் திரும்பும் நாள்தான் வரும்.

நான் போனதும் அதே அக்டோபர் கடைசி. கிளேர் மாவட்டத்தின் வடகோடியில், பேலிவான் என்ற சிற்றூரில் ஒரு வீட்டில் தங்கினேன். காலையில் ஜன்னல் திரையை விலக்கினால், முந்தின நாள் மாலை பார்த்த குன்றைக் காணோம். கடலோரத்து மொஹர் செங்குத்துப் பாறைகளுக்குப் போவதாக இருந்தேன். "இன்றைக்கு அங்கே மேகம்தான் தெரியும். பர்ரனைப் பாருங்கள், மழையில்தான் அது புரியும்" என்று சொல்லி, வீட்டுக்கார அம்மாள் தன் காரிலேயே கொண்டுபோய் விட்டார்.

பர்ரன் என்றால் ஐரிஷ் மொழியில் பாறை நிலம். கண்ணுக்கெட்டிய வரை சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை, தளம் போட்டதுபோல. நடுவே போல்னப்ரோன் கல்திட்டை. நிமிர்த்தி நட்ட கற்களின் மேல் ஒரு பெரும் பலகைக்கல். 1986-இலும் 1988-இலும் அகழ்ந்தபோது முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன, குழந்தைகளும் உண்டு. ஐயாயிரம் ஆண்டுக்கும் முந்தைய மனிதர்கள். அந்தக் காலையில் நான் ஒருத்திதான் அவர்களுக்குத் துணை. வெகுநேரம் பேசாமல் நின்றேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவ்வளவு மழை பெய்தும் காலடியில் தண்ணீர் ஓடவில்லை. பாறை முழுக்க ஆழமான பிளவுகள். விழுகிற நீரெல்லாம் அதில் இறங்கிவிடுகிறது. குனிந்து பார்த்தேன். உள்ளே, காற்றுப் படாத ஈரத்தில், நாக்குப்போல நீண்ட இலையோடு பெரணிகள், பச்சைப் பசேலென்று. வெயிலில் போயிருந்தால் கல்லை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பேன்.

நனைந்த பாறை மிகவும் வழுக்கும். எனக்கு முழங்கால் சிராய்த்தது. தனியாகப் போகிறவர், பிளவைத் தாண்டக் குதிக்கவே வேண்டாம், சுற்றிப் போங்கள்.

கேள்வி: அந்தப் பக்கம் ஏரிகள் தோன்றி மறையும் என்கிறார்களே, உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: உண்மைதான் ஐயா. ஐரிஷ் பெயர் 'டர்லாக்'. பாறைக்குள் இறங்கிய மழைநீர் நிலத்தடியில் நிறைந்து, கீழேயிருந்து ஊறி மேலே வரும். வறண்ட மாதங்களில் வந்த வழியே வடிந்துவிடும். ஆற்று வரத்து தேவையில்லை.

அன்று மாலை வீட்டுக்கார அம்மாள் கேரன் என்ற ஊர்ப் பக்கம் அழைத்துப்போய்க் காட்டினார். வயலின் கல்சுவர் நேராகத் தண்ணீருக்குள் இறங்கி, அக்கரையில் ஏறிப் போகிறது. நடுநீரில் ஒரு இரும்புக் கதவு, மூடியபடி. கோடையில் அங்கே மாடு மேயுமாம். சுவர்க் கற்களில் கருத்த பாசி எந்த உயரம் வரை படர்ந்திருக்கிறதோ, வெள்ளம் அதுவரை வரும் என்று கணக்கு.

திரும்பும்போது ஒரு விவசாயி மாடுகளைக் குன்றின் மேலே ஓட்டிக்கொண்டிருந்தார். குளிர்காலம் வருகிறது, மேலே ஏற்றுகிறாரே என்று வியந்தேன். மற்ற இடங்களில் குளிருக்கு மாட்டைக் கீழே இறக்குவார்கள். பர்ரனில் மட்டும் தலைகீழ். கோடை வெயிலை வாங்கி வைத்த சுண்ணாம்புப் பாறை, குளிரில் மெல்ல அந்தச் சூட்டை விடும், மழையும் தேங்காது. மாட்டுக்குச் சேறில்லாத படுக்கை. இதை அந்த விவசாயி சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா? குடையா, மழைக்கோட்டா? ஷெங்கன் விசா செல்லுமா?
– வாசகர், கோவை

பதில்: ஷெங்கன் விசா பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது, ஆனால் இங்கே செல்லாது; அயர்லாந்து அதில் சேரவில்லை. குடை அட்லாண்டிக் காற்றுக்கு நிற்காது. தலைமூடியுள்ள மழைக்கோட்டும், கால்சட்டைக்கு மேல் போடும் மழை உறையும் வாங்குங்கள்.

சாப்பாட்டுக்குக் கூச்சப்படாமல் பப்புக்குள் (மதுவும் உணவும் தரும் விடுதி) போகலாம். தேநீரும் கிடைக்கும், தனியாக உட்கார்ந்த பெண்ணை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. காய்கறி சூப் கேளுங்கள். அது இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். கூடவே சோடா ரொட்டி தருவார்கள். ஈஸ்ட் இல்லை, மோரும் சமையல் சோடாவும் சேர்த்துச் சுட்டது. சூட்டோடு வெண்ணெய் தடவிச் சாப்பிட்டேன். குளிரில் விறைத்த விரல்களுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். அதன்பின் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். கால்வே நகரிலிருந்து பேலிவானுக்கு 350-ஆம் எண் பேருந்து உண்டு. திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.